ஓணம் லீவில் சிங்கப்பூர்: ஊர் சுற்றலும் யுனிவர்சலும் ஒரே நாளில் தாங்குமா?

கொழிஞ்சாம்பாறையான்:

ஓணம் லீவு முடிந்து ஊர் வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஃபோன் போட்டு "எப்படி இருந்தது, எவ்வளவு ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே ஒரு தடவை எழுதிவிட்டால் லிங்க்கை அனுப்பிவிடலாம்.

போனது நாலு பேர். கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம், ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஒரே தமிழ் மீடியம், ஒரே பெஞ்ச். இன்றைக்கு ஒருத்தன் பள்ளிக்கூட வாத்தியார், ஒருத்தன் மெடிக்கல் ஷாப், ஒருத்தன் தேங்காய் வியாபாரம், நான் அரிசி மில்லில் கணக்கு. வாத்தியார், மெடிக்கல், தேங்காய் என்றே எழுதுகிறேன். திருவோணத்தன்று வீட்டில் இல்லாமல் போனதற்கு நாலு பேரும் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம், பெயரும் போட்டால் அவ்வளவுதான். வாத்தியாருக்கு ஓணத்துக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும் என்பதால் தேதியை அவன் முடிவு செய்தான். அந்தத் தேதிதான் எங்களைக் கவிழ்த்தது, பின்னால் வருகிறேன்.

மொத்தம் நாலு நாள். இந்த இழை 2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை ஒரு நாளைப் பற்றி மட்டும். காலையில் ஊர் சுற்றல், பகல் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா, ராத்திரி கார்டன்ஸ் பை த பே தோட்டம். ஏஜென்ட் இதையே இரண்டு நாளாகப் பிரித்து வண்டி, கைடு எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னார். நாங்கள் ரயிலிலேயே ஒரே நாளில் முடித்தோம். செய்தது சரிதானா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை.

லிட்டில் இந்தியாவில் ரூம். ஆறரைக்குக் கிளம்பினோம். நம் ஊரில் அப்போது விடிகாலை நாலு மணி. அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி ஆற்றோரம் நடந்தால் மெர்லயன் வந்துவிடும். சிங்கத் தலை, மீன் உடம்பு, 8.6 மீட்டர் உயரம். 1972ல் வைத்து, 2002ல் இப்போது இருக்கும் இடத்துக்கு நகர்த்தியது. எல்லாரும் வாயைத் திறந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அவ்வளவுதான், இருபது நிமிஷம்.

ஆனால் அந்த ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்திலேயே ஒன்று நடந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் தேங்காய் நடைமேடையில் அப்படியே நின்றுவிட்டான். பர்ஸைக் காணோமோ என்று நினைத்தேன். இல்லை, நிலையப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆங்கிலம், சீனம், அதோடு தமிழ். தமிழ் அந்த நாட்டில் ஆட்சிமொழிகள் நாலில் ஒன்று என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான், வாத்தியார் விமானத்திலேயே வகுப்பு எடுத்திருந்தான். இருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கம் ஓடுகிற பஸ்களில் போர்டு மலையாளத்தில். தேங்காயின் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பாலக்காட்டுக்கு ஆஸ்பத்திரி போகிற அன்றைக்கு வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் கைகாட்டி "இது எங்கே போகுது சாமி" என்று கேட்டு ஏறுகிற ஆள். அவன் அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது: "எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். அது என்ன ஊரு, நம்ம சாதிசனம் யாராவது இருக்காங்களா அங்க?"

அடுத்த பகுதி சாயங்காலம். மில்லில் லோடு வந்துவிட்டது.

வேலந்தாவளம்_வெங்காயம்:

இவ்வளவு எழுதிவிட்டு ரைடு பற்றி ஒரு வரி இல்லையே அண்ணா. லோடு இறக்கிவிட்டுச் சீக்கிரம் வாருங்கள்.

மாங்காமரம்:

எல்லாரையும் போல் "சூப்பர், அடுத்த தடவை என்னையும் கூப்பிடு" என்று எழுத எனக்கு வராது. ரோலர் கோஸ்டரில் கத்துவதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டுமா? 2000ல் கொச்சியில் வீகாலாண்ட் திறந்தபோது நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான் டூர். இப்போது அதற்குப் பெயர் வொண்டர்லா. காலையில் முதலமடையிலிருந்து கிளம்பினால் ராத்திரி வீட்டில் தூங்கலாம். அதுவும் தூரம் என்றால் மலம்புழா இருக்கிறது. அணை, தோட்டம், ரோப்வே, கானாயி குஞ்ஞிராமன் செய்த யட்சி சிலை. நாலு பேர் சிங்கப்பூருக்குச் செலவு செய்த பணத்தில் எங்கள் தெருவையே வொண்டர்லா கூட்டிப் போகலாம்.

கொழிஞ்சாம்பாறையான்:

மாங்காமரம் அண்ணா, வொண்டர்லாவுக்கு நான் எதிரி இல்லை, ஏழெட்டு தடவை போயிருக்கிறேன். தண்ணீர் விளையாட்டுக்கு அதுதான். சிங்கப்பூரில் ரைடு குறைவு, சோடனை அதிகம். வரிசையில் நிற்கிற பாதையே எகிப்துக் கல்லறை மாதிரி, பாழடைந்த கோட்டை மாதிரி இருக்கும். நிற்கிற நேரத்தையும் காட்சியாக்கிவிடுகிறார்கள். அதற்குத்தான் காசு.

சரி, மீதிக் கதை.

மெர்லயனிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். சைனாடவுனுக்கு நடுவில் கோபுரம். 1827ல் தொடங்கிய கோயில், சிங்கப்பூரின் இந்துக் கோயில்களில் இதுதான் பழையது. 1819ல், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பவர் முன்னின்று எழுப்பியது. தீமிதியும் இங்கேதான். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசல். மெடிக்கல் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக் கும்பிட்டான். எதற்கு என்று அப்போது சொல்லவில்லை. ரோலர் கோஸ்டருக்காம்.

சைனாடவுனிலிருந்து ஊதா ரயிலில் இரண்டே ஸ்டேஷன், ஹார்பர்ஃப்ரண்ட். மேலே விவோசிட்டி மால். அங்கிருந்து செந்தோசா தீவுக்கு மோனோரயில் 4 சிங்கப்பூர் டாலர், இல்லையென்றால் கடல் மேல் போட்ட நடைபாதையில் சும்மாவே நடக்கலாம். நடந்தோம். செந்தோசா என்ற பெயரே நம் 'சந்தோஷம்' மலாய்க்குப் போனதுதான் என்று வாத்தியார் சொன்னான். அதற்கு முன்னால் அந்தத் தீவுக்குச் சாவைச் சேர்த்து ஏதோ பெயர் இருந்ததாம், 'பிளாக்காங் மாத்தி'. தேங்காய் உடனே "பெயர் மாத்தி வெச்சது நல்லதாப் போச்சு" என்றான். நாள் முழுக்க இந்த மாதிரிதான்.

பத்து மணிக்குக் கேட் திறப்பு. ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றால் திருச்சூர் பூரம். எங்கே பார்த்தாலும் தள்ளுவண்டியில் குழந்தைகள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்க் குடும்பம் சொன்னது, அன்றைக்குத்தான் சிங்கப்பூர் பள்ளிகளுக்கு ஒரு வார லீவு ஆரம்பம். நம் வாத்தியார் தன் பள்ளிக்கூட லீவைப் பார்த்தான், அவர்கள் பள்ளிக்கூட லீவைப் பார்க்கவில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை பள்ளி லீவு. இந்த நாட்களில் போனால் வரிசையில் நிற்கத்தான் போகிறீர்கள். போதாததற்கு 2025 பிப்ரவரியில்தான் மினியன் லேண்ட் என்று புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். உள்ளே வந்த குழந்தைகளில் பாதி மஞ்சள் சட்டை.

நாங்கள் கூட்டம் அந்தப் பக்கம் ஓடட்டும் என்று நேராக பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்குப் போனோம். ஒரே இடத்திலிருந்து இரண்டு கோஸ்டர் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். சிவப்பு ஹியூமன், இதில் சாதாரணமாக உட்காரலாம். நீலம் சைலான், இதில் தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்க உட்கார வேண்டும், தலைகீழாகவும் புரட்டும். 42.5 மீட்டர் உயரம். சைலான் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகும்.

பாக்கெட்டில் எதுவும் இருக்கக் கூடாது. ஃபோன், சாவி, சில்லறை எல்லாம் லாக்கரில், கொஞ்ச நேரத்துக்கு இலவசம். அப்புறம் மெட்டல் டிடெக்டர். மூன்று பேர் தாண்டிவிட்டோம். தேங்காய் வந்தால் கீச் கீச் என்கிறது. பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினான், காலி. பெல்ட்டைக் கழற்றினான், மறுபடியும் கீச். அங்கே சோதனை செய்த சீனப் பெண் கைக்கருவியை மேலிருந்து கீழே கொண்டுவந்தார், சரியாக இடுப்பில் அலறியது. சட்டையைத் தூக்கினால், அவன் கல்யாணத்துக்கு அம்மா போட்டுவிட்ட வெள்ளி அரைஞாண் கொடி! நல்ல கனம், மாட்டுக் கயிறு மாதிரி. "ஜுவல்லரி?" என்று அந்தப் பெண் கேட்கிறார், "கல்ச்சர், கல்ச்சர்" என்று இவன் சொல்கிறான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மலேசியத் தமிழ்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அவரும் தன் சட்டையைத் தட்டிக் காட்டி "நான் ரூம்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டேன் தம்பி" என்றார்.

சைலானில் மேலே போய் நிற்கும் அந்த ஒரு நொடியில் கடல், கப்பல், கிரேன் எல்லாம் காலுக்குக் கீழே தெரியும். அப்புறம் எதுவும் தெரியாது. எலுமிச்சம்பழம் வைத்த மெடிக்கல் மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தவன் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

அடுத்து மம்மி ரைடு, காத்திருக்க 75 நிமிஷம் என்று பலகையில் போட்டிருந்தது. இருட்டுக்குள் ஓடுகிற கோஸ்டர், திடீரென்று நின்று பின்னால் போகும். இங்கேதான் சண்டை. சில ரைடுகளுக்குத் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு, காலியாக இருக்கும் ஒற்றை சீட்டில் உட்கார வைத்து அனுப்புவார்கள். வேகமாக முடியும், ஆனால் சேர்ந்து உட்கார முடியாது. வாத்தியார் அதில் போகலாம் என்றான். "பத்து வருஷம் ஒரே பெஞ்சில உக்காந்துட்டு இவ்ளோ தூரம் வந்து தனித்தனியா உக்காரறதா" என்று தேங்காய் முறைத்துக்கொண்டான். கடைசியில் மம்மிக்கு சேர்ந்து நின்றோம், டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குத் தனித்தனியாகப் போனோம். மம்மியில் நாலு பேரும் ஒரே வரிசையில் கத்தினோம், டிரான்ஸ்ஃபார்மர்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத பையன்கள். ரைடு நன்றாக இருந்தது. வெளியே வந்து "நீ அதைப் பார்த்தியா" என்று கேட்டால் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை சொல்கிறான். தேங்காய் சொன்னது சரி என்று எனக்கே பட்டது. அவனிடம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மழை. இடி மின்னல் என்றால் வெளியில் ஓடுகிற ரைடை எல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். கட்டடத்துக்குள் இருப்பது ஓடும். அதனால் வெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுவது புத்தி. மழை விட்டதும் ஜுராசிக் பார்க் படகு. வட்டப் படகு சுற்றிக்கொண்டே போவதால் யார் நனைவார்கள் என்று கடைசிவரை தெரியாது, முடிவில் படகை மேலே தூக்கிக் கீழே சறுக்கி விடுவார்கள். பிளாஸ்டிக் கோட்டுக்குக் காசா என்று வாங்காமல் விட்டோம். அந்தச் சறுக்கலில் தண்ணீருக்கு நேராக முதுகைக் காட்டியது வாத்தியார். ஜட்டி வரை நனைந்தான். ஏழு மணிக்கு வெளியே வரும்வரை அந்த ஈரத்தோடுதான் நடந்தான்.

சித்தூர்_அக்கா:

தம்பி, படித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எனக்கு இரண்டு சந்தேகம். பையனுக்கு ஏழு வயது, 118 செ.மீ. உயரம். எதில் ஏற விடுவார்கள்? மாமியார் வருவார், சைவம், வெங்காயம் பூண்டு கூட வெள்ளிக்கிழமை தொடமாட்டார், அவருக்கு உள்ளே சாப்பிட என்ன கிடைக்கும்?

கொழிஞ்சாம்பாறையான்:

அக்கா, பேட்டில்ஸ்டாருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122. இரண்டும் பையனுக்குக் கிடைக்காது. வாசலிலேயே அளவுகோல் வைத்து அளக்கிறார்கள், கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. ஷ்ரெக் கோட்டைப் பக்கம், மினியன், செசமி ஸ்ட்ரீட் இதிலேயே அவனுக்கு நாள் போய்விடும். அடுத்த வருஷம் வளர்ந்த பிறகு போனால் ஒரே டிக்கெட்டில் எல்லாம் பார்க்கலாம், யோசியுங்கள்.

மாமியாருக்கு உள்ளே சாப்பாடு கஷ்டம்தான். உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி என்று ஓட்டலாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை, தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. காலையில் லிட்டில் இந்தியாவில் வயிறு நிறைய இட்லி சாப்பிட வைத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். முக்கியமாக, அவரை வைத்துக்கொண்டு எங்களைப் போல் ஒரே நாளில் எல்லாம் வேண்டாம்.

ஏன் என்றால் ராத்திரி நடந்தது இது. ஹார்பர்ஃப்ரண்டிலிருந்து மறுபடி சைனாடவுன், அங்கே நீல லைன் மாறி மூன்றாவது ஸ்டேஷன் பேஃப்ரண்ட். கார்டன்ஸ் பை த பேயில் 25லிருந்து 50 மீட்டர் உயரம் வரை இரும்பும் செடியுமாக ராட்சத மரங்கள். 7.45க்கும் 8.45க்கும் பாட்டோடு விளக்கு, காசு கிடையாது. 8.45க்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் தரையில் மல்லாக்கப் படுத்துத்தான் பார்க்கிறார்கள். வாத்தியாரும் படுத்தான். இரண்டாவது பாட்டுக்கு முன்னால் குறட்டை. பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரக் குழந்தை விளக்கை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வீடியோ இருக்கிறது, இங்கே போட மாட்டேன்.

என் கணக்கு: ஊர் சுற்றல் காலையில் வைத்தது சரி, ராத்திரி வைத்தது தப்பு. கார்டன்ஸுக்கு வேறொரு நாள் சாயங்காலம் கொடுத்திருக்க வேண்டும்.

நகரிக்காரி:

நாங்கள் நகரி, ஆந்திரா எல்லை. சென்னையிலிருந்து போனோம். செலவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அப்புறம் எல்லாருக்கும் ஒன்று: சிங்கப்பூர் போவதற்கு முன் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை ஒன்று நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். எங்கள் ஏஜென்ட் அதற்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டார். திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. விசா வேறு, அது இந்தியர்களுக்கு அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் வழியாகப் போடுவதுதான் வழக்கம், கட்டணம் 30 டாலர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பில் போடுவார்கள். தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறையான்:

எங்களிடமும் அந்த ஆயிரத்தைக் கேட்டார்கள் அம்மா, மெடிக்கல் விடவில்லை. அன்றைய நாள் செலவு தலைக்கு எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் டிக்கெட் மட்டும் 80 டாலரைத் தாண்டியது, சிங்கப்பூர் டாலர் அப்போது 68 ரூபாய் வாக்கில். மீதி சாப்பாடு, ரயில். ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், பேங்க் கார்டையே கேட்டில் தட்டலாம், ஆனால் வெளிநாட்டுக் கட்டணம் என்று பேங்க் தனியாகப் பிடிக்கும். வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸுக்கு ஏறக்குறைய இன்னொரு டிக்கெட் விலை கேட்டார்கள். வாங்கவில்லை.

பழைய_ஜூரோங்:

நான் வண்ணாமடை, உங்கள் பக்கம்தான். 2009லிருந்து ஆறு வருஷம் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. நீங்கள் சொன்ன யுனிவர்சல் 2010 மார்ச்சில் திறந்தபோது நான் அங்கே இருந்தேன். நீங்கள் ஏறின அந்த இரட்டைக் கோஸ்டர் முதல் வருஷமே சீட் கோளாறாகி ஒரு வருஷம் கிட்ட நின்றது. மறுபடி 2013ல் நிறுத்தி 2015ல் ஆள் குறைவாக உட்காருகிற வண்டி போட்டுத்தான் ஓட்டினார்கள். இதெல்லாம் தெரியும், ஆனால் உள்ளே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வருவோம். சாப்பாடு, வீட்டுக்குப் பணம் அனுப்புவது, ஊர்க்காரனைப் பார்ப்பது, புல்வெளியில் உட்கார்ந்து பேசுவது. ஒரு தீபாவளி லீவுக்கு ஐந்து பேர் அந்தக் கடல் நடைபாதையில் செந்தோசா போனோம், அப்போது அதற்கு ஒரு டாலர் வாங்கினார்கள். யுனிவர்சல் வாசலில் பெரிய உலக உருண்டை சுற்றுமே, அது கேட்டுக்கு வெளியே, பார்க்கக் காசு வேண்டாம். அதன் முன்னால் நின்று மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். உள்ளே எப்படி இருந்தது என்று வீட்டுக்காரி கேட்டாள். சூப்பர் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் விலையை அன்றைக்கு எங்கள் நாள் சம்பளத்தோடு போட்டுப் பார்த்தால் கட்டாது.

தமிழ் போர்டு பற்றிச் சொன்னீர்கள். பட்டறையில் 'அபாயம்' என்று நாலு மொழியில் எழுதியிருக்கும். நான் முதல் நாள் படித்த தமிழ் அதுதான்.

மாங்காமரம்:

ஜூரோங் அண்ணா, நான் மேலே எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வொண்டர்லா பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

வேலந்தாவளம்_வெங்காயம்:

ஜூரோங் அண்ணா, அண்ணிக்கு இன்னும் உண்மை தெரியாதா?

பழைய_ஜூரோங்:

தெரியாது. பொண்ணு இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். வருகிற ஜனவரியில் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன் என்கிறாள், டிக்கெட் போட்டாகிவிட்டது. உள்ளே போனால் எனக்கு வழி தெரியாதது வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும். கொழிஞ்சாம்பாறைத் தம்பி, கேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முதலில் எங்கே போக வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பு. பழகினவன் மாதிரி நடக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையான்:

அண்ணா, மேப்பில் கோடு போட்டு இன்றைக்கு ராத்திரியே அனுப்புகிறேன். ஜனவரியில் பள்ளி லீவு முடிந்திருக்கும், கூட்டம் குறைவாக இருக்கும், சனி ஞாயிறு மட்டும் வேண்டாம். அப்புறம், அரைஞாண் கொடி போட்டிருந்தால் ரூமிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.